"லென்ஸ் போச்சு சார்": ஒரு சிடி பிளேயர் பழுதின் முழு விவரம்

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலை, மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய சிடி பிளேயர், தோளில் துணிப்பை நிறைய சிடிகள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிந்தாதிரிப்பேட்டையில் என் மாடி அறையில் பழைய ஆடியோ சாதனங்களைப் பழுது பார்க்கிறேன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். படியேறி வந்து மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "லேசர் போச்சுன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க தம்பி. நீங்களும் அதையே சொன்னா தூக்கிப் போட்டுடறேன்."

நானும் அதையேதான் சொன்னேன். அது தவறு என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரக் கதைதான் இது.

அவர் சொன்ன குறைகள்

பிளேயர் தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஜப்பானியத் தயாரிப்பு. கடையில் வாங்கிய சிடிகள் பெரும்பாலும் ஒழுங்காகப் பாடும். அவரே வீட்டில் ரைட் செய்த சிடிகள்தான் தொல்லை. முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியாது. நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் டிக் டிக்கென்று சத்தம் வரும். அப்புறம் தாவும், நிற்கும். "தனி ஆவர்த்தனம் வர்ற நேரத்துல கழுத்தறுக்கும்" என்றார். ஒன்றரை மணி நேரக் கச்சேரியை இரண்டு தட்டாகப் பிரித்து ரைட் செய்திருக்கிறார். ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் இதே கதை.

இன்னொன்றும் சொன்னார், ஆனால் போகிற போக்கில். சில நாள் விடிகாலையில் எந்த சிடியைப் போட்டாலும் தட்டே இல்லை என்று திரையில் காட்டும். ஏழு மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்; யோசிக்கவில்லை.

அந்தத் தட்டுகள் எல்லாம் வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகள். எண்பதுகளில் கேசட்டில் பிடித்து வைத்திருந்ததை 2003, 2004 வாக்கில் மருமகனின் கணினியில் போட்டு சிடியாக மாற்றியிருக்கிறார். கேசட்டுகளைத் தூக்கிப் போட்டாயிற்று. மொத்தம் 31 தட்டுகள். ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் வட்டமான காகித லேபிள், அதில் பாடகர், பக்கவாத்தியம், ராகம், தாளம், தேதி எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்தில் அச்சிட்டு அழகாக ஒட்டியிருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது. குற்றவாளி அந்த லேபிள்தான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

லேசர் அங்கே என்ன செய்கிறது

சிடி என்பது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை. முதல் பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த லேசர் டிஸ்க் படக் கருவிகளில் ஹீலியம் நியான் குழாய் இருந்தது. சின்ன டியூப்லைட் மாதிரி. 780 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் குறைகடத்தி லேசர் டயோடு மலிவாகக் கிடைத்த பிறகுதான் பிளேயர் ஒரு புத்தக அலமாரிக்குள் அடங்கும் சாமான் ஆனது.

தட்டின் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமன் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கு மேலே, லேபிளை ஒட்டினாற்போல, பளபளப்பான உலோகப் படலம். தகவல் இருப்பது அந்த இடத்தில். நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் அடிப்பக்கத்தில் அல்ல. பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கும் மேல்பக்கத்தில், ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழே. கடையில் விற்கும் தட்டில் அங்கே நுண்ணிய பள்ளங்கள் அச்சாகியிருக்கும். பள்ளத்தின் ஆழம், பிளாஸ்டிக்குக்குள் லேசரின் அலைநீளத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அரை அலை முன்னே பின்னே வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். வெளிச்சம் குறைகிறது, கூடுகிறது. அந்த மாற்றம்தான் பாட்டாகிறது. வரிகளுக்கிடையே இடைவெளி 1.6 மைக்ரான். உள்ளிருந்து வெளியே ஒரே சுருளாக ஓடும் இந்த வரியைப் பிரித்து நீட்டினால் 74 நிமிடத் தட்டில் 5 கிலோமீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட மந்தைவெளியிலிருந்து என் அறைக்கு வரும் தூரம்.

வீட்டில் ரைட் செய்யும் தட்டில் பள்ளமே கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கும். ரைட்டரின் லேசர் பல மில்லிவாட் சக்தியில் அந்தச் சாயத்தைச் சுடும். சுட்ட இடம் பிரதிபலிப்பை இழக்கும். படிக்கும்போது அதே அலைநீள லேசர், ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த சக்தியில், சுட்ட இடத்தைப் பள்ளம் என்று நம்பிப் படிக்கிறது. ஏமாற்று வேலைதான், ஆனால் அழகான ஏமாற்று. கடைத் தட்டைவிட இதில் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைவு. அதனால் ஒரு பிளேயர் சோர்ந்தால் முதலில் இந்தத் தட்டுகளில்தான் திணறும். மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இது தெரியும். ரைட் செய்த சிடி பாடவில்லை என்றால் "லென்ஸ் போச்சு சார், மாத்தணும்" என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். அவர்கள் லென்ஸ் என்பது லேசர் டயோடு, கண்ணாடிகள், ஒளியுணர் டயோடுகள், லென்ஸை ஆட்டும் காயில் எல்லாம் சேர்ந்த பிக்கப் முழுவதையும்.

முதல் அளவெடுப்பு, முதல் தவறு

பிக்கப்பின் ஓரத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய சிறு சீட்டில் கடைசி மூன்று இலக்கம் 485. புதிதாக இருந்தபோது இந்த டயோடு 48.5 மில்லிஆம்பியர் வாங்கியது என்று பொருள். லேசருக்குத் தொடராக இருக்கும் 22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டரை வைத்தேன். 1.38 வோல்ட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 63 மில்லிஆம்பியர். முப்பது சதவீதம் அதிகம். பத்து சதவீதம் கூடினாலே சந்தேகப்பட வேண்டும் என்பது நான் பழகிய பாடம்.

அடுத்து, சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் ஆர்எஃப் சிக்னல், அதாவது தட்டில் பட்டுத் திரும்பும் ஒளி மின்சாரமாக மாறிய வடிவம். நல்ல நிலையில் இந்த மாடலில் 1.2 வோல்ட் உயரம் வர வேண்டும். வந்தது 0.9.

மின்சாரம் அதிகம் குடிக்கிறது, வெளிச்சம் குறைவாகத் தருகிறது. வயதான லேசர் டயோடின் லட்சணம் இதுதான். டயோடு கிழடு தட்டத் தட்ட ஒளிர ஆரம்பிக்கத் தேவையான மின்சாரம் ஏறிக்கொண்டே போகும். பின்னால் இருக்கும் கண்காணிப்பு டயோடு ஒளி குறைவதைப் பார்த்து, இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் கொடுக்க ஒன்றும் இருக்காது. பெரியவருக்குப் போன் செய்து, "அவங்க சொன்னது சரிதான் சார்" என்றேன். மறுநாள் ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, பழைய இருப்பு என்று சொல்லப்பட்ட ஒரு பிக்கப் வாங்கினேன். சீல் உடையாத உறையில் இருந்தது. போலிகள் நிறைய ஓடுகிற சாமான் இது. லென்ஸைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வார்ப்பின் நேர்த்தியை வைத்து ஒரு மாதிரி ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

புதிய பிக்கப்பில் லேசரின் முனைகளை ஒரு சொட்டு ஈயத்தால் ஒன்றாக இணைத்து அனுப்பியிருப்பார்கள். உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரம் டயோடைக் கொன்றுவிடாமல் இருக்க. மாட்டிய பிறகுதான் அதை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. புது லென்ஸும் டெட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நான் மறக்கவில்லை. மாட்டினேன். சீட்டில் போட்ட மின்சாரம், 1.2 வோல்ட் சிக்னல், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி.

பெரியவரின் தட்டைப் போட்டு விட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது 44வது நிமிடத்தில் டிக் டிக் ஆரம்பித்திருந்தது.

திரும்பவும் முதலிலிருந்து

புதிய லேசரிலும் அதே இடத்தில் அதே குறை என்றால் லேசருக்கும் குறைக்கும் சம்பந்தமில்லை. சம்பாதித்த காசு போன வலியோடு பழைய பிக்கப்பை எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, லேசர் சக்தியைச் சரிசெய்யும் பிரிசெட் என்ற குட்டித் திருகு. தொழிற்சாலையில் அதை அமைத்தபின் ஒரு சொட்டு பெயின்ட் வைத்து அடைப்பார்கள். அந்த பெயின்ட் உடைந்திருந்தது. முன்பு பார்த்தவரில் யாரோ ஸ்க்ரூ டிரைவரால் திருகி விட்டிருக்கிறார். டயோடு கிழடானதால் மின்சாரம் ஏறவில்லை, ஏற்றி விட்டிருக்கிறார்கள்.

இரண்டு, லென்ஸ் மேல் பழுப்பான ஒரு படலம். தூசி அல்ல, பிசுபிசுப்பு. பூஜை அறைக்கு அடுத்த அறையில் பிளேயர் இருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. கண்காணிப்பு டயோடு இருப்பதோ லேசரின் உறைக்குள்ளேயே. வெளியே லென்ஸ் அழுக்காக இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆக, அழுக்கு லென்ஸும் திருகிய பிரிசெட்டும் சேர்ந்தால் மீட்டரிலும் ஸ்கோப்பிலும் தெரிவது, சாகக் கிடக்கும் டயோடின் அதே முகம்தான். இத்தனை வருட அனுபவத்தில் நான் ஏமாந்தது இந்த இடத்தில்.

ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால், அழுத்தாமல், இரண்டு தடவை துடைத்தேன். லென்ஸ் தொங்குவது முடி மாதிரி ஸ்பிரிங்கில், அழுத்தினால் கோணிக்கொள்ளும். கீழே உள்ள கண்ணாடியில் படிந்ததை ரப்பர் பல்பால் ஊதி விட்டேன். பழைய பிக்கப்பைத் திரும்ப மாட்டி, பிரிசெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். 1.08 வோல்டில், அதாவது 49 மில்லிஆம்பியரில், சிக்னல் 1.2 வோல்ட். இருபத்தைந்து வருடம் ஓடிய டயோடு, சீட்டில் போட்ட அளவுக்கு அரை மில்லிஆம்பியர் தள்ளி நிற்கிறது. இன்னும் ஒரு வருடம் 63ல் ஓட்டியிருந்தால் உண்மையிலேயே போயிருக்கும். அப்போது இரண்டு மெக்கானிக்குகளும் சொன்னது பலித்திருக்கும்.

தட்டின் ஓரத்தில்

சரி, 44வது நிமிடம்? துணிப்பையைக் கவிழ்த்தேன். 31 தட்டுகளில் இரண்டே இரண்டில் லேபிள் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார், காகிதம் தீர்ந்து போயிருக்கும். அதே கம்பெனித் தட்டு, அதே ரைட்டர், அதே வருடம். இரண்டையும் போட்டேன். கடைசி மங்களம் வரை ஒரு சத்தமில்லை.

லேபிள் ஒட்டிய தட்டு ஒன்றை மேஜைக் கண்ணாடி மேல் வைத்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஓரம் கண்ணாடியைத் தொடவில்லை. அப்பளம் மாதிரி லேசாக வளைந்திருந்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். சென்னையில் வருடம் முழுக்க இதற்குப் பஞ்சமில்லை. போதாததற்கு ராத்திரி ஏசி காய வைக்கும், பகலில் கடற்காற்று நனைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய காகிதம் இருபது வருடம் இப்படி இழுத்துக்கொண்டே இருந்தால் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்ன செய்யும்?

சிடி உள்ளிருந்து வெளியே பாடுவதால் வளைவு அதிகமாக உள்ள ஓரம் கடைசியில்தான் வரும். 45வது நிமிடத்தில் லேசர் நிற்பது மையத்திலிருந்து ஏறக்குறைய 48 மில்லிமீட்டரில். ஓரத்துக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர்தான். தட்டு மேலே கீழே ஆடுவதை லென்ஸ் சமாளிக்கும். குவிமையம் இரண்டு மைக்ரான் தவறினாலே ஒளியுணர் டயோடு நான்கும் வேறுவேறு அளவைக் காட்டும், காயில் உடனே லென்ஸைத் தூக்கும் அல்லது இறக்கும். அரை மில்லிமீட்டர் ஆட்டம் வரை அதற்கு வழக்கமான வேலை. ஆனால் வளைந்த தட்டின் ஓரம் வெறுமே ஏறி இறங்குவதில்லை, சாய்ந்தும் இருக்கிறது. இந்த லென்ஸுக்கு ஏறி இறங்கத் தெரியும், பக்கவாட்டில் நகரத் தெரியும், தலையைச் சாய்க்கத் தெரியாது. சாய்ந்த பிளாஸ்டிக் வழியே போகும் ஒளிப்புள்ளி வால் முளைத்துப் பக்கத்து வரியிலும் சிந்தும். ஸ்கோப்பில் அது கண்ணெதிரே தெரிந்தது: தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு முறை, நொடிக்கு மூன்று நான்கு தடவை, சிக்னல் தெளிந்து மங்கி, தெளிந்து மங்கி. பிழை திருத்தும் முறை சிடியில் பலமானது. வரியில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுக்க அழிந்தாலும் குறையில்லாமல் மீட்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் சென்டிமீட்டர் கணக்கில் போனால் அதுவும்தான் என்ன செய்யும், பாவம்.

விடிகாலைத் தகராறு

இதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். பிளேயர் இருந்தது படுக்கையறை ஏசிக்கு நேர் எதிரே. ராத்திரி 22 டிகிரி. ஐந்தரைக்கு எழுந்ததும் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறப்பார். மழைக்காலத்தில் சென்னைக் காற்று 24, 25 டிகிரியிலேயே நீர் கோக்கும். 22 டிகிரியில் சில்லிட்டுக் கிடக்கும் லென்ஸ் மேல் அந்தக் காற்று பட்டால், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதே கதை. லேசர் எரிகிறது, பனியில் சிதறுகிறது, தட்டு இருப்பதே தெரியவில்லை. ஏழு மணிக்குள் உலர்ந்துவிடும். பிளேயரை ஹாலுக்கு மாற்றச் சொன்னேன். சாம்பிராணிக்கும் அது நல்லது.

தட்டுகளை மீட்டது

"லேபிளைப் பிச்சு எடுத்துடலாமே?" என்று கேட்டார். ஏற்கெனவே ஒன்றில் முயன்றிருந்தார். அதை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். காகிதத்தோடு உலோகப் படலமும் உரிந்து, தட்டில் ஜன்னல் திறந்த மாதிரி வெளிச்சம் வந்தது. அந்த இடத்துக் கச்சேரி அந்தக் காகிதத்தோடு குப்பைக்குப் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

லேபிளைத் தொடாமலே கணினியின் டிரைவில் போட்டு, வேகத்தைக் குறைத்து, படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மென்பொருளால் ஹார்டு டிஸ்கில் ஏற்றினேன். பிளேயர் நேரத்தோடு ஓட வேண்டும், ஒரு தடவைக்கு மேல் படிக்க அதற்கு அவகாசமில்லை, கணினிக்கு அவசரமில்லை. வளைந்த தட்டுகளைக் கண்ணாடிகளுக்கிடையே இரண்டு நாள் கனம் வைத்ததும் கொஞ்சம் உதவியது, நிரந்தரமாக அல்ல. மூன்று டிரைவ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று திணறிய தட்டை இன்னொன்று அலட்டாமல் படித்தது. 26 தட்டுகள் முழுசாக வந்தன. மூன்றில் கடைசிச் சில நிமிடங்களில் வெட்டு. ஒன்றில் சாயமே வெளிறிப் போய்விட்டது, பட்டியல்கூடப் படிக்கவில்லை. ஜன்னலோர வெயிலில் கிடந்த தட்டாம். உரித்தது போனது போனதுதான்.

நடுவில் ஒரு நாள், எல்பி ரெக்கார்டுகளையும் லேசரால் படிக்கலாமாமே என்று கேட்டார். படிக்கலாம். இஎல்பி என்ற ஜப்பானிய நிறுவனம் அப்படி ஒரு டர்ன்டேபிள் செய்தது. ஊசிக்குப் பதில் ஐந்து கதிர்கள் பள்ளத்தின் சுவர்களைத் தடவும், டிஜிட்டலாக மாற்றாமல் அப்படியே ஒலியாக்கும். தேய்மானமே இல்லை. ஆனால் ஊசி தள்ளிவிட்டுப் போகும் தூசியைக்கூட லேசர் பாட்டாகவே படித்துவிடும், கறுப்பு ரெக்கார்டைத் தவிர வண்ண ரெக்கார்டுகளில் வேலை செய்யாது. விலையைக் கேட்டதும், ஊசியே போதும் என்றார்.

பிளேயர் இப்போது அவருடைய பழைய லேசரோடுதான் ஓடுகிறது. மீட்டதை லேபிள் இல்லாத புதுத் தட்டுகளில் ரைட் செய்து கொடுத்தேன். ஹார்டு டிஸ்கில் இரண்டு பிரதி தனியாக. ராகம் தாளமெல்லாம் நடு வளையத்தில் சிடி மார்க்கரால் பொடியாக அவரே எழுதிக்கொண்டார். வாங்கிய புது பிக்கப்புக்கு அவரிடம் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதன் முனைகளில் ஈயத்தை மறுபடி ஒரு சொட்டு வைத்து, கறுப்பு நுரையில் பொதிந்து மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன்.